ஃபிஷ் ஃபைண்டர்ல தெரியுறது என்ன மீனு? புதுசா எக்கோ மாட்டுனவங்களுக்கு

எக்கோ வாங்கி போட்ல மாட்டுன ஒடனே எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "அண்ணே இந்த செவப்பா தெரியுறது என்ன மீனு?" நேராவே சொல்லிடுறேன், எந்த கம்பெனி மெஷினும் மீன் பேரு சொல்லாது, அது கீழ அனுப்புற சத்தம் எத்தன மீட்டர்ல இருந்து எவ்ளோ பலமா திரும்பி வருதுங்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும், பேர நாமதான் ஆழம், தரை, நேரம், ஸ்க்ரீன்ல விழுற மார்க்கோட ஷேப்பு எல்லாத்தையும் சேத்து வச்சு ஊகிக்கணும். தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் ஃபைபர் போட்ல தூண்டில் போடுறவங்கள மனசுல வச்சு எழுதுறேன்.

ஸ்டெப் 1: மொதல்ல மீன் படத்த ஆஃப் பண்ணுங்க

மெனுல ஃபிஷ் ஐடின்னு ஒண்ணு இருக்கும், சின்ன மீன் பெரிய மீன்னு பொம்மை காட்டும். அத நம்பாதீங்க. நடுத்தண்ணியில எது தட்டுப்பட்டாலும், சொறிமீனோ காத்துக் குமிழியோ பிளாஸ்டிக் கவரோ, பொம்மை போட்டுடும். ஆஃப் பண்ணிட்டு கெயின (திரும்பி வர்ற சத்தத்த மெஷின் எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கற செட்டிங்) ஆட்டோல இருந்து மேனுவலுக்கு மாத்துங்க, ஸ்க்ரீன் பூரா புள்ளி புள்ளியா வர்ற வரைக்கும் ஏத்தி, அப்புறம் அந்தப் புள்ளி மறையுற அளவுக்கு லேசா எறக்குங்க. சத்தத்தோட ஃப்ரீக்வென்சி, ஆழம் கம்மின்னா 200 கிலோ ஹெர்ட்ஸ், நல்ல ஆழம்னா 50. மெஷின்ல சர்ப் (CHIRP, ஒரே ஃப்ரீக்வென்சிக்குப் பதிலா பல ஃப்ரீக்வென்சிய சேத்து அனுப்புற வசதி) இருந்தா அதையே வைங்க, பக்கத்து பக்கத்துல நிக்குற மீன தனித்தனியா பிரிச்சுக் காட்டும். சாய்வா வரிசை வரிசையா புள்ளி ஓடுச்சுன்னா அது மீன் இல்ல, பெரும்பாலும் பக்கத்து போட்டோட எக்கோதான்.

ஸ்டெப் 2: படத்த வாசிக்கிறது

வலது ஓரம்தான் இப்போ நம்ம காலுக்குக் கீழ இருக்கறது, இடது பக்கம் எல்லாம் முடிஞ்ச கதை. நெறைய பேரு மொத்த ஸ்க்ரீனையும் கடலோட ஃபோட்டோ மாதிரி பாக்குறாங்க, கொழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

சத்தம் கூம்பு வடிவுல கீழ போகுது. 20 டிகிரி கூம்புன்னா 30 மீட்டர் ஆழத்துல ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்துக்குப் பாக்கும். மீன் கூம்போட ஓரத்துல நுழையும்போது தூரம் கூட, நடுவுல வரும்போது கம்மி, வெளிய போகும்போது மறுபடி கூட, அதனாலதான் வில்லு மாதிரி வளைவா விழுது. வளைவு நீளமா இருந்தா பெரிய மீனுன்னு நினைக்காதீங்க, அது ரொம்ப நேரம் கூம்புக்குள்ள இருந்திருக்கு, அவ்ளோதான். நங்கூரம் போட்டு நிக்கும்போது ஒரு சின்ன மீன் அடியிலேயே நின்னா ஸ்க்ரீன் முழுக்க கோடா ஓடும். நீளத்த விட்டுட்டு தடிமனையும் கலரையும் பாருங்க, பலமா திரும்புன சத்தம் செவப்பா விழும், மங்கலானது பச்சையாவோ நீலமாவோ விழும்.

ஸ்டெப் 3: தரை

மீனுக்கு முன்னாடி தரையப் பாருங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. தரைக்கோடு தடியா இருந்து, அதுக்குக் கீழ ரெண்டு மடங்கு ஆழத்துல இன்னொரு தரை தெரிஞ்சா கெட்டித்தரை, அதாவது பார் (கடலடிப் பாறை). மெல்லிசா மங்கலா இருந்து ரெண்டாவது கோடே இல்லன்னா சேறு. சேத்துல நின்னுக்கிட்டு, பார்ல ஒட்டி வாழுற களவா மீன தேடுறது நேரத்துக்குக் கேடு. (தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்குற 21 தீவு தேசியப் பூங்கா, அதுக்குள்ள இருக்குற பாரெல்லாம் எவ்ளோ நல்லா தெரிஞ்சாலும் நமக்கு இல்ல.)

ஸ்டெப் 4: காத்துப்பை, முக்கியமான விஷயம்

பல மீனுங்க வயித்துக்குள்ள காத்துப்பை இருக்கும். சத்தம் திரும்பி வர்றதுல பெரும்பங்கு அந்தக் காத்துல பட்டு வர்றதுதான், ஏன்னா மீன் சதையும் தண்ணியும் சத்தத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்போ காத்துப்பை இல்லாத மீனு? எவ்ளோ பெருசா இருந்தாலும் மங்கலாத்தான் விழும்.

வஞ்சிரத்துக்குப் பை கெடையாது, குமரி பக்கம் நெய்மீனும்பாங்களே அதுதான். கரையோரம் கெடைக்கிற சாதா சூரைக்கும் கெடையாது, சுறா, திருக்கை, கணவா எதுக்கும் கெடையாது. வளந்த மஞ்சள் துடுப்பு சூரைக்கு உண்டு, அது வேற கணக்கு. ஆனா களவா, சங்கரா, விளைமீன், பாறை, ஊளி, மத்தி இதுக்கெல்லாம் உண்டு. அதனால ஒரு கிலோ சங்கரா ஜம்முனு செவப்பா விழும், அஞ்சு கிலோ வஞ்சிரம் பச்சையிலோ நீலத்துலயோ மெல்லிசா ஒரு கீத்து மாதிரி போயிடும். கெயின கம்மியா வச்சுக்கிட்டு "இங்க வஞ்சிரமே இல்ல"ன்னு திரும்புனவங்க எத்தனையோ பேரு.

ஸ்டெப் 5: ஷேப்ப வச்சு ஊகிக்கிறது

பகல்ல நடுத்தண்ணியில கெட்டியா மேகம் மாதிரி திரண்டு நின்னா மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன் கூட்டம். அதே கூட்டம் ராத்திரியில பரவிடும், அடையாளமே தெரியாது. அந்தக் கூட்டத்துல ஓட்டை விழுந்து, ஓரத்துல தனித்தனியா கோடு தெரிஞ்சா யாரோ கீழ இருந்து அடிக்கிறாங்க, பாறையோ ஊளியோ சூரையோ. கோடு பலமா இருந்தா பாறை, ஊளின்னும் மங்கலா இருந்தா சூரை, வஞ்சிரம்னும் நான் கணக்கு வைப்பேன். ஜிக்க (மீன் மாதிரி செஞ்ச உலோகத் தூண்டில்) எறக்குனா அதுவும் ஒரு சாய்வுக் கோடா கீழ போறது தெரியும், அது பின்னாடியே இன்னொரு கோடு மேல ஏறி வந்தா ரெடியா இருங்க.

பாருக்கு கொஞ்சம் மேல தனித்தனி வளைவா கொத்தா நின்னா விளைமீனோ சங்கராவோ இருக்க வாய்ப்பு கூட. களவா அப்படி நிக்காது, பாரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், தரைக்கோட்டுல சின்னப் புடைப்பா தெரிஞ்சாலே பெரிய விஷயம். சரிவுல ஒதுங்கி இருந்தா தெரியவே தெரியாது, ஏன்னா கூம்புக்குள்ள எது மொதல்ல தட்டுதோ அதத்தான் தரைன்னு மெஷின் வரையும், அதுக்குக் கீழ இருக்கறது எல்லாம் தரையோட சேந்துடும். அதனால களவாவுக்கு மார்க்க தேடாம பார் விளிம்பத் தேடுங்க.

நடுத்தண்ணியில மெல்லிசா ஒரே பட்டையா நீளமா ஓடுறது மிதவை உயிரிங்க, இல்ல சூடும் குளிரும் சேர்ற தண்ணி மட்டம். பொழுது சாஞ்சா உயிரிப் பட்டை மேல ஏறும், மீன்னு ஏமாறாதீங்க.

ஸ்டெப் 6: இமேஜிங் இருந்தா

டவுன் இமேஜிங் (நேர் கீழ படம் காட்டுறது), சைடு இமேஜிங் (ரெண்டு பக்கமும் காட்டுறது) எல்லாம் 455, 800 கிலோ ஹெர்ட்ஸ், சிலதுல 1.2 மெகா ஹெர்ட்ஸ். படம் துல்லியம், ஆனா உப்புத்தண்ணியில சீக்கிரம் அடங்கிடும், ஆழக்கடலுக்கு சரிப்படாது. பாக் நீரிணை மாதிரி ஆழம் கம்மியான இடத்துக்கு சைடு இமேஜிங் அருமை, அங்க கூம்பு கீழ சின்ன வட்டத்தத்தான் பாக்கும், மீனு போட் சத்தத்துக்கு ஒதுங்கி பக்கவாட்டுல நிக்கும். சைடுல மீன விட நெழலப் பாருங்க. வெள்ளைப் புள்ளியும் நெழலும் ஒட்டி இருந்தா மீன் தரையில, தள்ளி இருந்தா மேல மிதக்குது. மணல் தரையில திருக்கை, சுறா வடிவம் சில நேரம் அப்படியே தெரியும்.

ஸ்டெப் 7: தூண்டில்ல செக் பண்ணுங்க

ஊகிச்சதோட விடாம போட்டுப் பாத்து, ஏறுன மீனோட பேர ஸ்க்ரீன்ஷாட்டோட எழுதி வைங்க, ஆழம், நேரம், தரை, ஜிபிஎஸ் பாயிண்ட் எல்லாம் சேத்து. கெயின் எவ்ளோ, எந்த ஃப்ரீக்வென்சின்னும் மறக்காம குறிங்க, அது மாறிடுச்சுன்னா போன மாசம் செவப்பா விழுந்த சங்கரா இந்த மாசம் பச்சையா விழும், பழைய படத்தோட ஒப்பிடவே முடியாது.