மைக்ரோ ஆர்.என்.ஏ முடியை வளர்க்கும் என்னும் செய்தியைப் படிக்கும் முறை

தலையிலுள்ள மயிர்க்கால் ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்பருவத்தில் இருந்து, இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்த பின் மீண்டும் வளரத் தொடங்குகிறது. இந்தப் பருவ மாற்றங்களில், செல்லில் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகளான மைக்ரோ ஆர்.என்.ஏக்களுக்கும் பங்குண்டு என்பது உறுதியான அறிவியல். ஆனால் அதைச் சொல்லி வரும் செய்திகளும் விளம்பரங்களும் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

முதலில், அந்த மூலக்கூறு எதை அடக்குகிறது என்று தேடுங்கள். ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ தானாக எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை, புரதத்தை உருவாக்கும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏவின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து உருவாகும் புரதத்தின் அளவைக் குறைப்பதே அதன் வழக்கமான வேலை. ஆகவே அது முடியை வளர்க்குமா தடுக்குமா என்பது, குறைக்கப்படும் புரதம் எது என்பதைப் பொறுத்தது. மிர்-214 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ குறைப்பது, மயிர்க்கால் வளர்ச்சிக்கு இன்றியமையாத பீட்டா-கேட்டனின் என்னும் புரதத்தை. எனவே அது மிகுந்தால் வளர்ச்சி தடைப்படும். மிர்-218-5பி குறைப்பதோ, பீட்டா-கேட்டனினைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கும் எஸ்.எஃப்.ஆர்.பி2 என்னும் புரதத்தை. தடைக்கே தடை விழுவதால் வளர்ச்சி தூண்டப்படுகிறது. இலக்குப் புரதத்தின் பெயரையே சொல்லாத செய்தியை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அடுத்து, உடனிருப்பதையும் காரணமாவதையும் பிரித்துப் பாருங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். மிர்-31 வளர்பருவத்தில் மிகுந்து, மற்றப் பருவங்களில் குறைகிறது. அதனால் அது வளர்ச்சியைத் தூண்டுவதாகத் தோன்றும். ஆனால் 2010இல் வெளியான ஆய்வில் சுண்டெலித் தோலில் அதைத் தடுத்தபோது, வளர்பருவம் விரைவுபட்டதோடு முடித்தண்டின் அமைப்பும் மாறியது. வழுக்கைப் பகுதியின் மயிர்க்கால்களில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ மிகுந்திருந்தது என்று மட்டும் கூறும் ஆய்வையும் இதே எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

சோதனை எந்த உயிரில் நடந்தது என்பதையும் பாருங்கள். இளம் சுண்டெலியின் முதுகில் மயிர்க்கால்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் சென்று ஒரே நேரத்தில் விழிப்பதால், சிறு தூண்டலின் விளைவும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மனிதத் தலையில் மயிர்க்கால்கள் அவ்வாறு ஒன்றாக இயங்குவதில்லை.

கடைசியாக, மூலக்கூறு உள்ளே சென்ற வழியைக் கவனியுங்கள். தோலின் மேலடுக்கு பொதுவாக 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளை உள்ளே விடுவதில்லை. இரட்டை இழை மைக்ரோ ஆர்.என்.ஏவோ ஏறத்தாழ 14,000 டால்டன் எடையும் மின்னேற்றமும் கொண்டது. போதாக்குறைக்கு, ஆர்.என்.ஏவைச் சிதைக்கும் நொதிகள் தோலின் மேலேயே உள்ளன. எனவே ஊசிவழிச் செலுத்திய ஆய்வைச் சான்றாகக் காட்டி, மேலே தடவும் திரவத்தை விற்கும் விளம்பரம் எதுவாயினும், அந்தத் திரவத்தைத் தடவியே செய்த சோதனை எங்கே என்று கேளுங்கள்.