விபத்துக்கு அப்புறம் வண்டியில் ஏறவே பயமாக இருக்கிறதா? எனக்கு உதவியவை

சிக்னலில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் முன் சீட்டில் உட்காரவில்லை. காயம் பெரிதில்லை, கழுத்து வலி மூன்று வாரத்தில் போய்விட்டது. ஆனால் பின்னால் எந்த வண்டி நெருங்கினாலும் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும், கால் தானாகத் தரையை அழுத்தும், இறங்கும்போது சட்டை நனைந்திருக்கும். "தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், பாசத்தில் சொன்னதுதான், ஆனால் ஏற்கெனவே ஒன்று ஆகிவிட்ட ஆளிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அதனால் எனக்கு உண்மையிலேயே உதவியதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் சில வாரங்களில் உங்களை நீங்களே விரட்டாதீர்கள். தூக்கம் கெடுவது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, ஹாரன் சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் விபத்தில் மாட்டிய யாருக்கும் வரக்கூடியவை, பெரும்பாலானவர்களுக்கு அது மெல்ல மெல்லத் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, வேலையும் வீடும் பாதிக்கப்படுகிறது என்றால் தாமதிக்காமல் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலாக, அதாவது பி.டி.எஸ்.டி.யாக இருக்கலாம். போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு மட்டும் வருவது என்று பலர் நினைக்கிறார்கள், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கும் வரும்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் உள்காதின் சமநிலை பாதிக்கப்பட்டு, வண்டி நகரும்போது தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். அதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மனதோடு சண்டை போடுபவர்கள் உண்டு. முதலில் மருத்துவரிடம் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

சரி, பயம் ஏன் போகாமல் ஒட்டிக்கொள்கிறது? சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்களே, அதேதான். மூளைக்குள் அமிக்டலா என்றொரு சின்னப் பகுதி, ஆபத்து நடந்த நேரத்தில் சுற்றி இருந்த சத்தம், வாசனை, வெளிச்சம் எல்லாவற்றையும் ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. அடுத்த முறை அதே சத்தம் கேட்டால் நாம் யோசிப்பதற்கு முன்பே அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்ந்து நெஞ்சு படபடக்கிறது. நாம் உடனே இறங்கிவிடுகிறோம், அல்லது போவதையே ரத்து செய்கிறோம், அப்பாடா என்று ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் பொறி. "இறங்கியதால்தான் தப்பித்தோம்" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மணி அடிக்கிறது. பயம் போனதும் ஏறலாம் என்று நான் காத்திருந்த ஏழு மாதமும் இப்படித்தான் வீணாயின. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது, ஆனால் ஒரேயடியாக அல்ல, படிப்படியாக.

இந்தப் படிமுறை புதிதில்லை. 1924லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் ஒரு சின்னப் பையனுக்கு, அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்தபடியே முயல் கூண்டை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பயத்தைத் தணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1950களில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் இதை ஒழுங்கான சிகிச்சை முறையாக்கினார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் வழக்கமும் அவருடையதுதான்.

ஒரு தாளை எடுத்து, வண்டி தொடர்பாக உங்களைப் பயமுறுத்தும் எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் அந்த மதிப்பெண்ணைப் போடுங்கள். என் தாளில் நின்றிருக்கும் காரில் கதவைத் திறந்துவைத்து உட்காருவது 20, இன்ஜினை ஓடவிட்டு உட்காருவது 35, ஆள் இல்லாத தெருவில் ஒரு சுற்று 50, பகலில் பெரிய சாலை 70, சிக்னலில் பின்னால் ஒரு லாரி நிற்பது 95. பைக்கில் விழுந்தவருக்கு ஸ்டாண்ட் போட்ட வண்டியில் ஹெல்மெட்டோடு உட்காருவது முதல் படியாக இருக்கலாம். மற்றவருக்கு அது அற்பமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

30, 40 போட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒரே படியை வாரத்தில் நான்கைந்து நாள் செய்யுங்கள். மாதத்துக்கு ஒருமுறை நீண்ட பயணம் போவதைவிட தினமும் பத்து இருபது நிமிடம் பல மடங்கு மேல். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்காமல் இருக்கப் பாருங்கள், மதிப்பெண் பாதியாகும் வரை இருந்துவிட்டு இறங்குங்கள். முடியவே இல்லையா, ஓரமாக நிறுத்தச் சொல்லி உள்ளேயே உட்கார்ந்து, அலை வடிந்ததும் இன்னும் நூறு மீட்டராவது போய்விட்டு இறங்குங்கள். கிளம்பும் முன் "இன்று என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்" என்பதை ஒரு வரி எழுதுங்கள், திரும்பியதும் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். என் நோட்டில் இரண்டு பக்கங்களும் ஒருநாள்கூடப் பொருந்தவில்லை, வாய்விட்டுச் சொன்ன எந்த ஆறுதலையும்விட அதுதான் எனக்கு வேலை செய்தது.

நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொள்வது, கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடிப்பது, ஓட்டுபவரிடம் "பாத்து, பாத்து" என்று நொடிக்கு நொடி சொல்வது, இவை பாதுகாப்பு போலத் தெரிந்தாலும் பயத்தைத்தான் வளர்க்கின்றன, ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் அந்தக் கணக்கில் வராது, அவை உண்மையான பாதுகாப்பு, எப்போதும் வேண்டும்.

ஓட்டப்போகிறவரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு மூன்று நொடி இடைவெளி, கையில் போன் கூடாது, "நிறுத்து" என்றால் கேள்வி கேட்காமல் ஓரம் கட்ட வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், பயம் தெளியட்டும் என்று வேண்டுமென்றே வேகமாக ஓட்டிக் காட்டாதீர்கள். இரண்டு மாத முயற்சி அந்த ஒரு நாளில் போய்விடும். "உன்னாலதான் எங்கேயும் போக முடியலை" என்ற வார்த்தையும் வேண்டாம்.

நீங்களே ஓட்டுபவர் என்றால், கை நடுங்கும் நிலையில் சாலைக்குப் போகாதீர்கள். முதலில் பக்கத்து சீட், அப்புறம் காலி மைதானம், அப்புறம் அமைதியான தெரு. நம்பிக்கை திரும்பவில்லை என்றால் பயிற்சியாளரோடு சில வகுப்புகள் போகலாம், அதில் எந்த வெட்கமும் இல்லை.

குழந்தைகள் பொம்மைக் கார்களை மறுபடி மறுபடி மோதி விளையாடினால் தடுக்காதீர்கள், நடந்ததைப் புரிந்துகொள்ள அது அவர்கள் வழி. பலமான மோதலில் சிக்கிய குழந்தை சீட்டை மட்டும் மறுபடி பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.

தனியாக முடியவில்லை என்றால், அதிர்ச்சிக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் (பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது), 1987ல் பிரான்சின் ஷாப்பிரோ என்ற உளவியலாளர் தொடங்கிய, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் நல்ல பலன் தருபவை, பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தூக்க மாத்திரையோ மதுவோ எடுக்கும் பழக்கத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். மரத்துப்போன மூளை புதிதாக எதையும் கற்காது, ஓட்டுபவராக இருந்தால் அதுவே அடுத்த விபத்து. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், காத்திருக்காதீர்கள்.

நடுவில் ஒருநாள் எல்லாம் பின்னுக்குப் போகும். எனக்கு ஐந்தாவது வாரத்தில் ஒரு பஸ் உரசுவது போலப் போனது, வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் 70ஐ விட்டுவிட்டு 50க்கு இறங்கி அதே ஆளில்லாத தெருவில் இரண்டு சுற்று போனேன், நான்காம் நாள் மறுபடி பெரிய சாலை. தாளில் கடைசியாக இருந்த அந்த 95, போன வாரம் சிக்னலில் பின்னால் லாரி நின்றபோது 30. தோள் கொஞ்சம் ஏறியது, மூச்சை விட்டேன், பச்சை விழுந்தது, போய்விட்டோம்.