மயான காண்டம் பார்க்கப் போறீங்களா? மத்தியானமே தூங்கிடுங்க

சம்பா அறுப்பு முடிஞ்சு, பங்குனி சித்திரையில திருவிழா தொடங்கினா, டெல்டா கிராமங்கள்ல விடிய விடிய நாடகம் நடக்கும். நோட்டீஸ்ல ‘அரிச்சந்திரா’ன்னு மட்டும் போட்டிருந்தா, மயான காண்டம், அதாவது அரிச்சந்திரன் சுடுகாடு காக்கற பகுதி, உண்டான்னு விழாக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

இரவு 10 மணின்னு அச்சடிச்சிருப்பாங்க, திரை தூக்க 11 ஆகலாம். முதல்ல பபூன், டான்ஸ். கதை அதுக்கப்புறம்தான். சுடுகாட்டுக் காட்சி வர்றப்போ பின்னிரவு ஆயிடும். பபூனுக்குச் சிரிச்சுட்டு 2 மணிக்குப் பாயில சாயுறவங்க, ஒப்பாரிச் சத்தத்துல எழுந்து, எதுவும் புரியாம முழிப்பாங்க. அதனால மத்தியானம் 3 மணி நேரத் தூக்கம் கட்டாயம்.

பாய், போர்வை, டார்ச், தண்ணி, கொசுவுக்கு ஏதாவது. ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிர்ல பாய் விரிக்காதீங்க, பாட்டு இரைச்சலாயிடும். மேடையிலிருந்து 20 அடி தள்ளி, நடுவுல உட்கார்ந்தா ஆர்மோனியமும் வசனமும் தனித்தனியா கேட்கும்.

கதையில மூணு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியும் மகன் லோகிதாசனும் காலகண்டையர்ங்கறவருக்கு விலைப்பட்டவங்க. அரிச்சந்திரன் வீரவாகுவுக்கு அடிமைப்பட்டு சுடலை காக்கறவன். பிணம் சுட அவன் கேக்கற கூலி கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. பாம்பு கடிச்சுச் செத்த பிள்ளையோட வர்ற சந்திரமதிகிட்ட அதுவும் இல்லை. ‘தாலியை வித்துக் கொடு’ங்கறான். அந்தத் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்! இது தெரியாம உட்கார்ந்தா, அவ திடுக்கிடறது ஏன்னே விளங்காது. அடையாளம் தெரிஞ்ச பிறகும் அவன் கூலியை விட மாட்டான். நல்ல நடிகர் இந்த இடத்துல குரலை ஏத்த மாட்டார், இறக்குவார்.

நடிகர்கள் பல ஊர்லேருந்து வந்து ஒத்திகையில்லாமலே மேடையேறறது உண்டு. அதனால தர்க்கம், அதாவது மேடையில நடக்கற வாக்குவாதம், இழுத்தா, ஒருத்தரை ஒருத்தர் ஆழம் பாக்கறாங்கன்னு வச்சுக்கோங்க. சில ஊர்ல பிள்ளையை அடக்கம் பண்ண சந்திரமதி மடியேந்தி வருவா. 10, 20 ரூபாய்ச் சில்லறை வச்சிருங்க. அந்த நேரம் செல்போன் ஃபிளாஷ் வேண்டாம்.

அழுது முடிச்சதும் கிளம்பிடாதீங்க. சந்திரமதி மேல கொலைப்பழி விழுந்து, அவளை வெட்டற வேலையும் அரிச்சந்திரனுக்கே வரும். வாள் மாலையாகும், பிள்ளை எழுந்திருப்பான். அதுக்குள்ள கிழக்கு வெளுத்திருக்கும். முதல் டவுன் பஸ் எத்தனை மணிக்குன்னு முந்தின நாளே கேட்டு வச்சுக்கோங்க.