ஆங்கில அகராதி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனத்தில் ஓர் ஆங்கில அகராதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதல் சம்பளத்தில் வாங்கியதாம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன்.

சொல்லைத் தேடத் தெரியாதது போன்ற சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன். ஓரளவு ஆங்கிலம் கைவந்த பிறகும் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அட்டையில் பெரிய பெயரை மட்டும் பார்ப்பது

ஒரே பதிப்பகம் இரண்டு வகை அகராதி போடுகிறது. ஒன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு. இன்னொன்று, அதைக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. ஆக்ஸ்போர்டிலேயே 'கன்சைஸ்' வேறு, 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' வேறு. 'லேர்னர்ஸ்' என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த ஒரு தவறைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஆங்கிலேயருக்கு வாக்கியம் காதிலேயே இருக்கிறது. அவர் தேடுவது அரிய சொல்லின் பொருளையும் அது பிறந்த கதையையும். நமக்கு 'எக்விப்மென்ட்' என்றால் என்னவென்று எட்டாம் வகுப்பிலேயே தெரியும். கடைசியில் 'எஸ்' சேர்க்கலாமா என்பதுதான் தெரியாது. கன்சைஸ் போன்ற அகராதி பெயர்ச்சொல் என்று மட்டும் குறித்துவிட்டுப் போய்விடும். லேர்னர்ஸ் அகராதியில், எண்ண முடியாத பெயர்ச்சொல் என்பதற்கு அடையாளமாக 'யு' என்ற எழுத்து பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் நாற்பது பக்க அறிக்கையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். சந்தேகம் வந்த சொல்லையெல்லாம் நான் வாங்கிய தடி அகராதியில் பார்த்தே எழுதினேன். 'எக்விப்மென்ட்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'டிஸ்கஸ்டு அபவுட்' என்று பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்கள். பேசிய தொகையில் பாதிதான் வந்தது. அடுத்த வேலை வரவே இல்லை. எனக்கு வேண்டிய தகவல் அந்தத் தடிப் புத்தகத்தில் எங்குமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்தச் சிக்கலை ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி எப்போதோ கண்டுகொண்டார். வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளாகப் பிரித்து, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று குறித்தார். அவரும் நண்பர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டு அதை 1948இல் மறுபடி வெளியிட்டது. இன்றைய அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதன் வழி வந்ததுதான்.

அதனால் கடையில் நின்றபடியே மூன்று சொல்லைத் தேடிப் பாருங்கள். 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் விஷயம் நேராக வரும், 'அபவுட்' வராது என்பது தெரிகிறதா? 'சஜஸ்ட் மீ எ புக்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அது தவறு என்று 'சஜஸ்ட்' பக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறதா? 'அட்வைஸ்' என்பதை எண்ண முடியாது என்று குறித்திருக்கிறதா? இல்லையென்றால் புத்தகத்தைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

விளக்கத்தைப் படித்துப் பார்க்காமல் வாங்குவது

லாங்மன் பதிப்பகம் 1978இல் தன் லேர்னர்ஸ் அகராதியில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஏறக்குறைய 2000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களையும் விளக்கியது. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் இன்னும் மூன்று சொல்லுக்குப் பொருள் தேடும் தொல்லை குறைந்தது. 1987இல் வந்த காலின்ஸ் கோபில்ட், சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்தே விளக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது கோபில்ட்தான். பொருளைப் படிக்கும்போதே சொல் புழங்கும் விதமும் மனதில் ஏறிவிடும்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் தூக்கிப் போடுவது

வேண்டாம். 'ஹெரான்' என்பதை ஆங்கில அகராதி நீண்ட கழுத்தும் நீண்ட காலும் கொண்ட நீர்ப்பறவை என்று விளக்கும். கொக்கும் அப்படித்தான், செங்கால் நாரையும் அப்படித்தான். செடி, மீன், பறவை என்று வந்தால் லிப்கோ ஆங்கிலம்–தமிழ் அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

திருட்டுப் பதிப்பு

ஒலிக்குறிகள் மங்கி அப்பியிருக்கும். உச்சரிப்பு போச்சு.

இணையத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடுவது

ஆக்ஸ்போர்டு, லாங்மன், கேம்பிரிட்ஜ் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் கூகுளில் சொல்லைத் தட்டியதும் மேலே வருகிற விளக்கம் லேர்னர்ஸ் அகராதியிலிருந்து வருவதில்லை. அப்புறம், அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மட்டும் மாறிய மேக்மில்லன் அகராதியின் தளம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. அதையே நம்பியிருந்த என் நண்பர்கள் சிலர் தவித்துப்போனார்கள். ஒரு பிரதியாவது கையில் இருப்பது நல்லது.

பழைய பதிப்பு என்று ஒதுக்குவது

புதுச் சொற்கள் சில இருக்காது, அவ்வளவுதான். 'டிஸ்கஸ்' பத்து வருஷத்தில் மாறிவிடவில்லை. அந்தப் பெண்ணின் தடி அகராதியைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு என்னுடைய பழைய லேர்னர்ஸ் பிரதியைக் கொடுத்திருக்கிறேன்.