வீட்டுப்பாடம் வகுப்பிலேயே கெட்டுப்போகிறது: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும் வேலை எனக்கு அவ்வப்போது வருகிறது. அவர்களுடைய ஆர்வத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடக்குறிப்பும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. ஆனால் அன்றைய பாடத்தையும் அன்றைய வீட்டுப்பாடத்தையும் கோக்கிற இடத்தில், என் தலைமுறை இடறிய அதே கல்லில்தான் இவர்களும் இடறுகிறார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுவது, முன்வரிசையிடம் மட்டும் கேள்வி கேட்பது, தொட்டதற்கெல்லாம் குரலை உயர்த்துவது ஆகியவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். இங்கே அவற்றைத் தொடப்போவதில்லை.

## "புரிந்ததா?" என்று கேட்பது

தொடக்க வகுப்புகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "புரிந்தது டீச்சர்" என்று நீட்டி முழக்கும் கோரஸ். புரியாத பிள்ளையும் அந்த ராகத்தில் சேர்ந்துகொள்ளும். டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பது முதல் வாரத்திலேயே அதற்குத் தெரிந்துவிடுகிறது.

கேள்வியை மாற்றுங்கள். "52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். முதலில் என்ன செய்வாய், ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்றால் கேட்க அற்பமாக இருக்கும். வகுப்பின் முன்னால் நின்று காத்துப் பாருங்கள், அதன் நீளம் தெரியும்.

## மணி அடிக்கும்போது வீட்டுப்பாடம் கொடுப்பது

பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கிறது. ஆசிரியர் புதிய முறை ஒன்றை இப்போதுதான் அறிமுகப்படுத்தி, கரும்பலகையில் இரண்டு கணக்குகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் அதை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மணி அடிக்கிறது. "மீதிக் கணக்குகளை வீட்டில் போட்டு வாருங்கள்!" என்கிறார் ஆசிரியர், சத்தத்துக்கு மேல் சத்தமாக.

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு பிள்ளையாவது தனியாக ஒரு கணக்கைப் போட்டதை ஆசிரியர் பார்த்தாரா என்றால், இல்லை. முடிக்க முடியாமல் போன பாடத்தை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்கு வீட்டுப்பாடம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

விளைவு என்ன என்பதற்கு நான் பார்த்த ஒரு நோட்டைச் சொல்கிறேன். கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லிக்கொடுத்ததற்கு மறுநாள், மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டு அது. பத்துக் கணக்குகளில் ஆறு சரி, நான்கு தவறு. கீழே சிவப்பு மையில் "கவனமாகப் போடு" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். தவறான நான்கும் இவை:

52 − 27 = 35
64 − 38 = 34
71 − 46 = 35
83 − 59 = 36

அந்தப் பெண் கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று எழுதிவிட்டாள். நான்கிலும் அதே வேலை, துளி பிசகாமல். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முந்தைய வகுப்பில் கேட்டதை அவள் விசுவாசமாகப் பின்பற்றியிருக்கிறாள். சரியாக வந்த ஆறைப் பார்த்தால், 58 − 23 போலக் கடன் வாங்கத் தேவையே இல்லாதவை. அப்படியானால் அன்று கற்பித்த விஷயத்தில் அவள் வாங்கியது பத்துக்கு ஆறல்ல, நான்குக்குப் பூஜ்யம். அந்த ஆறு டிக்குகள் அதை மறைத்துவிட்டன.

பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை ஆராய்ந்த ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் காட்டினார்கள். பல தவறுகள் கவனக்குறைவால் வருவதில்லை; பிழையான ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதால் வருகின்றன. வகுப்பில் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினால், அந்தப் பிழையான விதிக்குத்தான் பயிற்சி கிடைக்கிறது. பத்துக்குப் பதில் இருபது கணக்குகள் கொடுத்தால் இன்னும் ஆழமாக வேரூன்றும்.

இதில் வீட்டிலிருப்பவர்கள் வேறு உதவிக்கு வருவார்கள். பெரியவர்கள் சிலர் படித்த முறையில், மேலே பத்தைச் சேர்த்தால் கீழே பத்துகள் இடத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். அதுவும் சரியான முறைதான். ஆனால் வகுப்பில் மேலே உள்ள ஐந்தை நான்காக்கச் சொல்லியிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பிள்ளை மேலேயும் ஒன்றைக் குறைத்து, கீழேயும் ஒன்றைக் கூட்டி, 52 − 27 = 15 என்று எழுதி வருகிறது. அப்பாவும் டீச்சரும் சரியாகச் சொல்லிக்கொடுத்து, கணக்கு மட்டும் தவறாகிப் போகிறது. இதை அவிழ்க்க மறுநாள் பாடவேளை முழுதும் போய்விடும்.

இதற்கு மாற்று, பாடத்தைப் பின்னாலிருந்து திட்டமிடுவது. கடைசிக் கால்மணி நேரத்தில் புதிதாக எதையும் சொல்லாதீர்கள். கடன் வாங்கியே தீர வேண்டிய இரண்டு கணக்குகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் போடச் சொல்லுங்கள். நீங்கள் பேனாவுடன் வரிசை வரிசையாக நடந்து, விடையின் பத்துகள் இடத்தை மட்டும் பாருங்கள். அந்த ஓர் எண் போதும், பிள்ளையின் மனதில் ஓடுவது தெரிந்துவிடும். இரண்டையும் சரியாகப் போட்டவர்களுக்கு வீட்டில் போட ஐந்து கணக்குகள் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அன்று கழித்தல் வேண்டாம். பத்துக் குச்சிகள் கொண்ட ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் வரைந்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று போதும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. இன்றைய வீட்டுப்பாடத்தைப் போன வாரத்துப் பாடத்திலிருந்து கொடுங்கள். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவிட்டார். மறக்கத் தொடங்கியதை இழுத்துப் பிடிக்க வீட்டுப்பாடம் நல்ல கருவி. முதன்முதலாகக் கற்பிக்க அது உதவாது.

"பாடம் முடியவில்லையே, என்ன செய்வது?" என்று கேட்பார்கள். முடியாவிட்டால் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். ஒரு மாலை சும்மா இருந்ததால் எந்தப் பிள்ளையும் பின்தங்கியதில்லை.

## பத்து முறை எழுதச் சொல்வது

ஒரு சொல்லைப் பத்து முறை எழுதும் பிள்ளையை அருகில் நின்று பாருங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்துத் தடவை எழுதும். பிறகு இரண்டாம் எழுத்து, பிறகு மூன்றாவது. சொல்லை அது ஒரு தடவைகூட எழுதவில்லை. எழுத்துகளால் தூண் கட்டியிருக்கிறது. முதல் வரியில் 'ற' வர வேண்டிய இடத்தில் 'ர' விழுந்திருந்தால் பத்து வரியிலும் 'ர'தான். மூன்று முறை போதும். ஒவ்வொரு முறையும் சொல்லைப் பார்த்துவிட்டு, கையால் மூடிக்கொண்டு எழுதி, திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.

## வீட்டுப்பாடத்தைத் தண்டனையாகக் கொடுப்பது

கூடாது.

## செய்து வராததற்காக விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்குவது

இதுவும்தான்.

## நேரம் பார்க்காமல் கொடுப்பது

வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஹாரிஸ் கூப்பர், வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற அளவைப் பரிந்துரைக்கிறார். ஒன்றாம் வகுப்புக்குப் பத்து, நான்காம் வகுப்புக்கு நாற்பது, எல்லாப் பாடங்களும் சேர்த்து. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்பதும் அவருடைய தொகுப்பில் தெரிந்ததுதான். உங்கள் கையால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலையை ஏழு வயதுக் கை அந்த வேகத்தில் முடிக்காது. "கேள்வியையும் எழுதி வா" என்று சொன்னீர்களானால் நேரத்தில் பாதி பார்த்து எழுதுவதிலேயே கழியும்.

## மதிப்பெண் போட்டு மூடிவிடுவது

ரூத் பட்லர் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். மதிப்பெண்ணைச் சேர்த்ததும் குறிப்பால் பலனில்லாமல் போனது. நோட்டைத் திறந்ததும் எண்ணைப் பார்த்து, பக்கத்துப் பிள்ளையின் எண்ணையும் எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

எல்லா நோட்டிலும் குறிப்பு எழுத நேரமில்லை என்பது உண்மை. அப்படியானால் நோட்டுகளைப் புரட்டும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரே ஒரு தவறை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, யாருடையது என்று சொல்லாமல் அதைக் கரும்பலகையில் எழுதி, "இதைப் போட்டவர் என்ன நினைத்து இப்படி எழுதியிருப்பார்?" என்று கேளுங்கள். பதில்களைக் கேட்டபின், எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டி வரலாம். வைத்துவிடுங்கள்.