செண்டுமல்லியில் பாசி பிடிக்காமல் இருக்க

ஆயில் பெயின்டில் பூஞ்சாடி வரையப் போறவங்களுக்கு இது. பென்சில் கோடு, கேன்வாஸ் கட்டுறதெல்லாம் தெரியும்னு வெச்சுக்கறேன்.

சத்தி (சத்தியமங்கலம்) பூ மார்க்கெட்டில் செண்டுமல்லி உதிரியாத்தான் கிடைக்கும். தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டுக் காம்போட அஞ்சு பூ வாங்கிக்குங்க. ஒரு பித்தளைச் சொம்பு போதும். அதைப் புளி போட்டு விளக்கிடாதீங்க. பளபளன்னு ஆனா ரூம் முழுக்க அதுல தெரியும், வரைஞ்சு மாளாது.

அடுக்குறது: சொம்பு நட்டநடுவில் வேண்டாம், சித்த ஓரமாத் தள்ளுங்க. அஞ்சு பூவும் நம்மளையே பார்த்தா ஸ்கூல் குரூப் போட்டோதான். ஒண்ணு திரும்பட்டும், ஒண்ணு பாதி ஒளியட்டும், ஒண்ணு மேசை மேல கிடக்கட்டும். டச்சு ஓவியர் வான்கா 1888-இல் வரைஞ்ச சூரியகாந்திகள்ல தலை சாஞ்சதும் இதழ் உதிர்ந்ததும் இருக்கும், பாருங்க.

வெளிச்சம்: டியூப்லைட்டை அணைச்சுட்டு ஒரே ஜன்னல். நேர் வெயில் விழாதுன்னு ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னல்னு சொல்லும். நம்மூர்ல ஆனி மாசம் சூரியன் வடக்கே சாஞ்சு வர்றதால, காலையிலும் சாயங்காலமும் அந்த ஜன்னல்லயே வெயில் எட்டிப் பார்க்கும். வெள்ளை வேட்டியைத் திரையாக் கட்டிருங்க.

நிழல்: நான் மாட்டிக்கிட்டது இங்கதான். மஞ்சளைக் கறுப்பாக்கணும்னு கறுப்பையே கலந்தேன். மூணு படம், மூணுலயும் பூ மேல பாசி பிடிச்ச மாதிரி பச்சை. மஞ்சளோட சேர்ந்தா கறுப்பு நீலம் மாதிரி வேலை செய்யுது, அதான் காரணம். இப்ப கறுப்பு டியூபைத் தொடறதே இல்லை. மஞ்சளோட பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு. இன்னும் ஆழம் வேணும்னா பிரஷ் நுனியில் துளி ஊதா.

இதழை உடனே ஆரம்பிக்காதீங்க. பூவை முதல்ல ஒரு பந்தா நினைச்சு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம், நடுத்தரம், நிழல்னு மூணே பூச்சு. இதுக்குப் பெரிய தட்டை பிரஷ்தான் சரி. சின்னது கையில் இருந்தா இதழ் எண்ண ஆரம்பிச்சிருவோம். அப்புறம் வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்துல மட்டும் நாலஞ்சு இதழ். பின்னாடி இருக்கற பூவோட ஓரத்தைக் காஞ்ச பிரஷ்ஷால தேச்சு மங்க விடுங்க.

சொம்பு மேசையைத் தொடற இடத்துல மெல்லிசா ஒரு அடர் கோடு. அது இல்லைன்னா சொம்பு அந்தரத்துல மிதக்கும்.

பின்சேர்க்கை: அக்ரிலிக்ல செஞ்சவங்க நிழல் ரொம்ப இருட்டாயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அக்ரிலிக் காயும்போது ஒரு படி அடர்த்தியாகும். ஓரமா ஒரு துண்டு அட்டையில் பூசிக் காயவெச்சுப் பார்த்துட்டுத் தொடுங்க.