ரோஜாச் செடியை எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது?

ரோஜா வளர்க்கும் பலருக்குக் கத்தரியைக் கையில் எடுக்கவே மனசு வராது. பச்சைப்பசேலென்று நிற்கும் கிளையைப் போய் வெட்டுவதா என்று தயங்குவார்கள். ஆனால் வீட்டுத் தோட்டத்து ரோஜாக்களில் பெரும்பாலானவை புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டிவிடாமல் விட்டால் செடி நெடுநெடுவென்று போகும், அடிப்பகுதி மொட்டையாகும், பூவும் வரவரச் சிறுத்துவிடும். அதனால் தயங்காமல் வெட்டுங்கள். வெட்டும் இடம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

எப்போது வெட்டலாம்?

பனி உறையும் இடங்களில், குளிர்காலம் முடிந்து கணுக்களில் முளைகள் உப்பத் தொடங்கும்போது. வெப்பமான இடங்களில், மழை ஓய்ந்து இதமான காலம் தொடங்கும்போது. கொளுத்தும் வெயிலில் பெரிய கவாத்து வேண்டவே வேண்டாம். நட்டு ஒரு வருடம் ஆகாத செடியில் காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும். வருடத்துக்கு ஒரே முறை பூக்கும் கொடி ரோஜா இதற்கெல்லாம் விதிவிலக்கு. அது பழைய கிளையில் பூப்பதால், பூத்து முடிந்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

படி 1: கத்தரி

இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசித் தாண்டிப் போகும் வகைக் கத்தரிதான் நல்லது. அது தண்டை நசுக்காது. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள். நோய் பரவாமல் இருக்க இது அவசியம். தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: வேண்டாததை எடுப்பது

முதலில் காய்ந்த, கருகிய கிளைகள். வெட்டிய இடத்தில் தண்டின் நடுவைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வெட்டுங்கள். வெண்மையாகத் தெரியும்வரை இறங்க வேண்டும். அப்புறம் ஒன்றோடொன்று உரசும் கிளைகள், உள்நோக்கி வளர்ந்தவை, நோஞ்சான் குச்சிகள்.

ஒட்டுச்செடியாக, அதாவது வேறொரு செடியின் அடித்தண்டில் ஒட்டி வளர்த்ததாக இருந்தால், ஒட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஏதாவது கிளம்புகிறதா என்றும் பாருங்கள். அது அடிச்செடியின் கிளை, நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல. மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள்.

படி 3: வெட்டு

மீதமுள்ள நல்ல கிளைகளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைக்கலாம். கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

ஒரு கிளையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இலை இருக்கும் இடத்தில், அல்லது இலை விழுந்து பிறைபோல் கோடு பதிந்த இடத்தில், சற்று மேலே சின்னதாக ஒரு புடைப்பு தெரியும். அதுதான் முளை. சில செடிகளில் அது சிவந்திருக்கும். அடுத்த கிளை வரப்போவது அதிலிருந்துதான். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கிளையும் அந்தப் பக்கமே போகும். எனவே செடிக்கு வெளிப்பக்கம் பார்க்கும் முளையைத் தேர்ந்தெடுங்கள். நடுப்பகுதி திறந்தால் காற்றும் வெளிச்சமும் நுழையும், நனைந்த இலை சீக்கிரம் உலரும், கரும்புள்ளி நோய் குறையும்.

முளைக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக வெட்டுங்கள். சாய்வின் உயரமான பக்கம் முளை இருக்கும் பக்கமாக இருக்கட்டும். அப்போதுதான் தண்ணீர் மறுபக்கம் வழிந்துபோகும். அதிக உயரத்தில் வெட்டினால் மிஞ்சிய குச்சி கருகி, கருகல் கீழே இறங்கும். ஒட்டி வெட்டினால் முளையே காய்ந்துவிடும்.

படி 4: அதன் பிறகு

வெட்டியவற்றையும் உதிர்ந்த இலைகளையும் செடியடியில் விடாமல் அள்ளிவிடுங்கள். கரும்புள்ளிப் பூஞ்சை அவற்றில்தான் தங்கியிருக்கும். புதுத் தளிர் எட்டிப்பார்த்ததும், மக்கிய தொழு உரத்தைத் தண்டில் படாமல் சுற்றிலும் போடுங்கள். தண்ணீரைக் காலையில், இலையை நனைக்காமல், வேர்ப்பகுதிக்கு விடுங்கள். தினமும் 6 மணி நேரமாவது வெயில் வேண்டும். இளந்தளிரில் அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) மொய்த்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

பூ வாடியதும், அதற்குக் கீழே 5 சிற்றிலை கொண்ட முதல் நல்ல இலையைத் தேடி, அதற்கு மேலே வெட்டுங்கள். மறுபடி பூக்கும் ரகமானால் சுமார் 6 முதல் 8 வாரங்களில் அங்கிருந்து அடுத்த பூ வரும். பனி உறையும் இடங்களில் மட்டும், குளிர் நெருங்கும்போது இந்த வெட்டையும் உரத்தையும் நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் கிளம்பும் தளிர் பனியில் கருகிவிடும்.